சாயம் பூசியது யார்?

பெரியம்மாவுக்கு அப்போது 52 வயது. தீட்டு நின்று மூன்று வருடம் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட ஆரம்பித்ததை அவள் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோதும் "உடம்பு சூடு" என்றுதான் சொன்னாள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது நானும் அவளுடைய இளைய மகனும். எட்டுப் பேர் வரிசையில் நிற்கும் அறை. திரைச்சீலை கிடையாது. எழுதிக்கொண்டிருந்த இளம் மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "வீட்டுக்காரர் தவிர வேற யார்கூடவாவது பழக்கம் உண்டாம்மா?"

மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "என்னடி கேக்குறாரு?" என்று என்னைப் பார்த்தாள். நான் அப்போது முதுகலை உயிரியல் இரண்டாம் ஆண்டு. கட்டி அடக்கிப் புரதங்களைப் பற்றி அந்த மாதம்தான் துறைக் கருத்தரங்கில் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். நான் சொன்னது: "ஒண்ணுமில்ல பெரியம்மா, வயசு கேக்குறாரு."

அந்தக் கேள்வியின் பொருள் அவளுக்கு இரண்டு நாள் கழித்து, ஊருக்குத் திரும்பும் பேருந்தில் புரிந்தது. அதன் பிறகு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தாள். வலியைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். அன்று அந்த அறையில் நான் தந்திருக்க வேண்டிய பதிலைப் பல வருடம் தாமதமாக இங்கே எழுதுகிறேன்.

இன்று நான் ஒரு மகளிர் கல்லூரியில் செல் உயிரியல் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது "விழிப்புணர்வு முகாம்" நடக்கும். வெளியிலிருந்து யாராவது வந்து திரையில் ஒரு பட்டியல் காட்டுவார்கள். இளம் வயதில் உடலுறவு, பல துணைவர்கள், சுகாதாரக் குறைவு, அதிகக் குழந்தைகள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் பெண். மறுநாள் வகுப்பில் யாராவது ஒருத்தி எழுந்து கேட்பாள்: "மேடம், ஒழுக்கமா இருந்தா இது வராதாமே?"

அந்தப் பட்டியல் முழுப் பொய் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு வைரஸைச் சந்திக்கும் வாய்ப்பு எப்போது கூடும் என்று சொல்லும் அளவில் அது புள்ளிவிவரம். ஆனால் புள்ளிவிவரமாக ஆய்விதழை விட்டுக் கிளம்பும் சரக்கு நம் ஊர் மேடைக்கு வந்து சேரும்போது நடத்தைச் சான்றிதழாக மாறிவிடுகிறது. மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்பிவி, உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோரை, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது. ஒரே ஒரு துணை போதும், அது தாலி கட்டிய கணவனாக இருந்தாலும். தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரண்டு ஆண்டுகளில் அதை விரட்டிவிடும். சிலரிடம் அது தங்கிவிடுகிறது. தங்கியது புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு நீண்ட கதையில் "வேற பழக்கம் உண்டா" என்ற கேள்விக்கு என்ன இடம்?

செல்லுக்குள் போய்ப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் உடம்பில் நடக்கும் விஷயம், நமக்குப் புரியாது என்று சொல்லியே நம்மிடமிருந்து விலக்கி வைக்கப்பட்ட விஷயம்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்கு முன் சாலையோரப் புளியமரங்களில் சாயம் பூசி எண் எழுதிவிட்டுப் போவார்களே, பார்த்திருப்பீர்கள். எழுதுகிறவர் மரத்தை வெட்டுவதில்லை. அவர் போன பிறகு ஒருநாள் இயந்திரம் வரும். எண் எழுதிய மரம் விழும், எழுதாத மரம் நிற்கும். நம் செல்லிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. சாயத்தின் பெயர் யூபிகுவிட்டின். 76 அமினோ அமிலங்களால் ஆன குட்டிப் புரதம். எந்தப் புரதத்தின் மேல் இது சங்கிலி சங்கிலியாக ஒட்டப்படுகிறதோ, அந்தப் புரதத்தைப் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். சாயம் மூன்று கை மாறி வருகிறது. முதல் நொதி அதைத் தயார் செய்கிறது, இரண்டாவது சுமந்து வருகிறது, மூன்றாவதுதான் எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கிறது. மனித செல்லில் முதல் வகை இரண்டே இரண்டு, மூன்றாவது வகை அறுநூறுக்கும் மேல். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். இதைக் கண்டறிந்ததற்காக ஏரன் சிகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி பி53. டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்திவைப்பதும், சேதம் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால் செல்லையே சாகச் சொல்வதும் இதன் வேலை. நல்ல நிலையில் இருக்கும் செல்லில் இது அதிகம் தேவையில்லை. ஆகவே செல் இதைச் செய்துகொண்டே இருக்கும், அழித்துக்கொண்டும் இருக்கும். எம்டிஎம்2 என்ற நொதி ஓயாமல் சாயம் பூசுவதால் ஒரு பி53 மூலக்கூறு நிலைப்பது சில பத்து நிமிடங்கள்தான். சேதம் வந்ததும் பி53-இன் உருவம் சற்று மாறும், எம்டிஎம்2-இன் பிடி நழுவும், பி53 குவியும். வேலை முடிந்ததும் மறுபடி எம்டிஎம்2. அதிலும் அந்த எம்டிஎம்2-ஐச் செய்யச் சொல்லி உத்தரவிடுவதே பி53-தான். தன்னை அடக்குபவரைத் தானே வரவழைத்துக்கொள்ளும் அதிகாரி! நம் அரசியலில் எங்காவது உண்டா?

இந்தப் புரதத்துக்கும் ஒரு பழிக்கதை இருக்கிறது. 1979-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது இதைப் புற்றை உண்டாக்கும் புரதம் என்றுதான் நினைத்தார்கள். புற்றுச் செல்களில் ஏராளமாகக் கிடந்தது, ஆகவே இதுதான் குற்றவாளி. பத்து ஆண்டு அந்தப் பெயரோடு இருந்தது. அவர்கள் கையில் வைத்திருந்ததே சிதைந்துபோன வடிவம் என்பது பிறகுதான் தெரிந்தது. சிதையாத பி53 புற்றாவதைத் தடுக்கிறது என்று 1989-இல் கேத்தி ஃபின்லேயும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். மூன்று வருடம் கழித்து "மரபணுத்தொகுதியின் காவலன்" என்ற பட்டம் வந்தது. பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. சம்பவ இடத்தில் இருந்தாள், ஆகவே அவள்தான் செய்திருப்பாள் என்று பத்தாண்டு நம்பிய கதையை ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

மனிதப் புற்றுகளில் பாதிக்கு மேல் பி53-இன் மரபணு சிதைந்திருக்கும். "பெண்ணின் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தவறிவிட்டது" என்று சொல்லப் பார்ப்பவர்கள் இந்தத் தகவலைப் பிடித்துக்கொள்வார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே பெரும்பாலும் மரபணு முழுதாக இருக்கிறது. செல் ஒழுங்காகப் படியெடுக்கிறது, ஒழுங்கான பி53-ஐச் செய்கிறது. செய்ததும் அது காணாமல் போகிறது.

எப்படி என்பதை 1990-இல் அமெரிக்காவில் பீட்டர் ஹவ்லியின் குழு கண்டது. எச்பிவி 16, 18 ஆகியவை இ6 என்ற சின்னப் புரதத்தைச் செய்கின்றன. பி53-ஐ அழிக்கும் ஆயுதம் எதுவும் இதனிடம் கிடையாது. இது செய்வது ஒன்றே ஒன்று. செல்லின் சொந்த நொதியான இ6ஏபியின் கையைப் பிடித்து, பி53-இன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. இ6ஏபி மூன்றாவது வகை, மரத்தைத் தேர்ந்தெடுக்கும் வகை. வைரஸ் இல்லாத செல்லில் பி53 அதன் பட்டியலிலேயே இல்லாத மரம். இ6 இழுத்து வந்ததும் பூசுகிறது. பிறகு வழக்கம்போல இயந்திரம் வருகிறது. எம்டிஎம்2-க்கு நேரம் காலம் உண்டு, சேதம் வந்தால் கையை எடுத்துவிடும். இ6 கையை எடுப்பதே இல்லை. டிஎன்ஏ கிழிந்து கிடக்கும்போதும் பூச்சு நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேதம் சேருகிறது. மருக்களை மட்டும் உண்டாக்கும் 6, 11 ஆகிய எச்பிவி வகைகளின் இ6-க்கு இந்தக் காரியம் கைவராது என்பதையும் கவனியுங்கள். வித்தியாசம் வைரஸின் புரதத்தில் இருக்கிறது. யாருடைய படுக்கையறையிலும் இல்லை.

பெரியம்மாவின் கட்டியிலும் இதுவே நடந்திருக்க வேண்டும். அவளுடைய செல்கள் கடைசி நாள் வரை காவல் புரதத்தைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இதை ஊகம் என்று தள்ள முடியாதபடி ஒரு சோதனை இருக்கிறது. அதற்கு இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்ரியெட்டா லாக்ஸ். ஐந்து குழந்தைகளின் தாய், புகையிலை வயலில் உழைத்த கறுப்பினக் குடும்பம். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து துண்டு எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம் என்று அவரிடம் கேட்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்தார். செல்கள் இறக்கவில்லை. ஹீலா என்ற பெயரில் உலகின் ஆய்வகங்களுக்கெல்லாம் போயின, விற்கப்பட்டன. பெயரைக்கூட ஹெலன் லேன் என்று நீண்ட காலம் மாற்றிச் சொன்னார்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தச் செல்களில் இருப்பது எச்பிவி 18.

2000-ஆம் ஆண்டு எட்வர்ட் குட்வினும் டேனியல் டிமையோவும் அந்த ஹீலா செல்களுக்குள் இ2 என்ற புரதத்தைச் செலுத்தினார்கள். வைரஸின் இ6, இ7 இரண்டையும் அடக்கும் கடிவாளம் அது. ஹீலாவில் வைரஸின் டிஎன்ஏ மனித டிஎன்ஏவுக்குள் உடைந்து புகுந்தபோது அந்தக் கடிவாளம் அறுந்துபோயிருந்தது. கடிவாளம் திரும்பியதும் இ6 நின்றது. சாயம் நின்றது. பி53 குவிந்தது. ஐம்பது ஆண்டாக நிற்காமல் பிரிந்துகொண்டிருந்த செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைந்தன. அந்தப் பெண் மண்ணுக்குள் போய் அரை நூற்றாண்டு கழித்தும் அவருடைய காவலன் வேலைக்குத் தயாராகவே இருந்திருக்கிறான். வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பது வழக்கம். பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை.

ஒழுக்கப் பேச்சுக்குப் பழைய வேர் உண்டு. 1842-இல் இத்தாலியில் ரிகோனி ஸ்டெர்ன் என்பவர் வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, கன்னியாஸ்திரிகளிடம் கர்ப்பப்பைப் புற்று அரிது என்று எழுதினார். நல்ல அவதானிப்பு. தொற்றும் நோய் என்ற திசையில் அது முதல் துப்பு. ஆனால் மார்பகப் புற்று அவர்களிடம் அதிகம் என்றும் அதே பதிவேடுகளில் கண்டார். கன்னியாஸ்திரியாக இருந்ததால் மார்பகப் புற்று வந்தது, அது உன் ஒழுக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது எந்த மேடையிலாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

சரி, ஆண்களுக்கு வருவோம். இதே எச்பிவி 16 தொண்டையிலும் புற்றை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் எச்பிவியால் வரும் தொண்டைப் புற்று பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வருகிறது. அங்கேயும் அதே இ6, அதே இ6ஏபி, அதே பி53. தொண்டை வலி என்று வரும் ஆணிடம், எட்டுப் பேர் முன்னால், மகனை வைத்துக்கொண்டு, "வேற பழக்கம் உண்டாய்யா" என்று கேட்கும் மருத்துவரை எனக்குக் காட்டுங்கள். பழியை ஆண்கள் தலையில் மாற்றிக் கட்டுவது என் நோக்கமல்ல. ஒரு வைரஸுக்கு ஒழுக்கம் தெரியாது என்ற எளிய உண்மை, நோயாளி ஆணாக இருக்கும்போது எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இ6ஏபி பற்றி இன்னொன்று, விஷயத்தை விட்டுச் சற்று விலகித்தான். இந்த நொதியின் மரபணு 15-ஆம் குரோமசோமில் இருக்கிறது. மூளை நரம்புச் செல்களில் தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும், தந்தையின் பிரதி அமைதியாக இருக்கும். தாய்வழிப் பிரதி இல்லாமல் போனால் குழந்தைக்கு ஏஞ்சல்மன் நோய்க்குறி. பேச்சு வராது, நடை தள்ளாடும், வலிப்பு வரும். பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த இழப்பு கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்ந்தது. ஆனால் "தாய்வழி" என்ற சொல்லை நம் வீடுகளில் எப்படிக் காதில் வாங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அறிக்கையில் ஒரு சொல், மாமியாருக்கு ஆயுள் முழுக்கப் போதும். ஒரே நொதி, இரண்டு நோய், இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் பெண்.

வெட்கம் கொல்கிறது என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 2022-இல் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்று வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண். பதினைந்து ஆண்டு அவகாசம் தரும் நோய் இது. அந்த அவகாசத்தில் யாராவது ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறத்தாழ வினிகரை, தடவிப் பார்த்தார்கள். கோளாறான இடம் வெளுக்கும். வெளுத்த இடத்தில் தேவைப்பட்டவர்களுக்குக் குளிரூட்டிச் சிகிச்சை. இந்த ஒரே ஒரு முறைச் சோதனையால் புற்று 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு புட்டி வினிகர், ஒரு விளக்கு, கற்றுக்கொண்ட ஒரு செவிலியர்!

அதே ஆய்வில் ஒப்பிடுவதற்காகச் சுமார் 31,000 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பரிசோதனை கிடையாது, வழக்கமாகக் கிடைப்பதுதான். வழக்கமாகக் கிடைத்தது என்ன? எதுவும் இல்லை. 35 சதவீதம் என்று நான் பெருமையாகச் சொல்லும் எண், அந்தப் பெண்களின் இறப்பை எண்ணித்தான் கிடைத்தது. இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் சொல்வது எனக்கு எளிதாக இருக்கும்.

தடுப்பூசியிலும் இதே சிக்கல். நான் தடுப்பூசியின் பக்கம். இ6 செல்லுக்குள் வருவதற்கு முன்பே வாசலில் நிறுத்தும் ஊசி அது. என் மகளுக்குப் போட்டாயிற்று. ஆனால் 2009-இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பல்லாயிரம் சிறுமிகளுக்கு ஆய்வுத் திட்டமாக இந்த ஊசி போட்டபோது, கம்மத்தில் பழங்குடி மாணவிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அங்கே நேர்ந்த இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் கேட்காமல் போட்டார்கள் என்பதை எந்த விசாரணையும் மாற்றவில்லை. ஹென்ரியெட்டாவிடம் கேட்காததும் இவர்களிடம் கேட்காததும் ஒரே பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஊசியின் மேல் விழுந்த சந்தேகம் அதன் பிறகு எத்தனை சிறுமிகளின் வாசலை அடைத்தது என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் இடைக்கால நிதிநிலை அறிக்கை 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்றது. சிறுமிகளுக்கு. ஆஸ்திரேலியா 2007-இல் சிறுமிகளுக்குத் தொடங்கி 2013-இல் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டது. கையிருப்பு குறைவு, முதலில் பெண்களைக் காப்போம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் கேட்கிறேன்: சிறுவர்களுக்கு எப்போது என்று ஒரு தேதியாவது சொல்வீர்களா? தொற்றைச் சுமப்பவர் இருவர், ஊசியும் வெட்கமும் ஒருத்திக்கு மட்டுமா?

இவ்வளவும் எழுதுகிற எனக்கு, பி53-ஐப் பதினோரு வருடம் பாடம் நடத்திய எனக்கு, 43 வயது வரை ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். தோன்றியது. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று பயந்தேன்.

போன வருடம் போனேன். வேறு ஊர், வேறு மருத்துவமனை, திரைச்சீலை இருந்தது. செவிலியர் என்னைவிடச் சின்னவள். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், துணைவர் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு. கேக்கணும்."

"பதிலை வச்சு என்னம்மா செய்வீங்க? ஒண்ணுன்னா ஒரு சோதனை, நாலுன்னா வேற சோதனையா?"

"இல்ல மேடம், எல்லாருக்கும் ஒரே சோதனைதான்."

"அப்ப எதுக்கு?"

அவள் படிவத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "தெரியல மேடம். நாங்க எழுதி வச்சுக்குவோம்" என்றாள்.